வாசலில் நாற்காலி, ஹாலில் மீட்டிங்

போன வியாழக்கிழமை மதியம் நான் இறந்துவிட்டேன்.

பதறாதீர்கள். எங்கள் தெரு அப்படி நம்பியது, அவ்வளவுதான். நம்பியதோடு நிற்காமல், செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளேயும் வந்துவிட்டது. தெருமுனையில் அயர்ன் வண்டி வைத்திருக்கும் ஏழுமலை பெட்டியிலிருந்த கரியைக் கொட்டிவிட்டு வந்தார். மாடி வீட்டு காதர் பாய் பாண்டி பஜாரில் இருக்கும் தன் தையல் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா? இத்தனை வருஷமாக எழுதுகிறேன்... படித்துவிட்டு ஒரு மனிதர் ஷட்டரை இறக்கியதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சயின்டிஃபிக் மீட்டிங். நம்ப மாட்டீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி ரெஜினா விஞ்ஞானி. அடையாறு பக்கம் ஒரு சின்ன ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ராப்பகலாக நம் தலையில் கொட்டிக்கொண்டே இருக்கின்றனவாம். அவற்றை எண்ணுவது அவள் பிழைப்பு. எண்ணுவதற்கு சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி... அது அவளுடைய ஆபீஸ் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறது. இதே மாதிரிப் பெட்டிகள் பல நாடுகளில், பல மொட்டை மாடிகளில் இருக்கின்றன. எல்லாப் பெட்டிக்காரர்களும் சேர்ந்த குழுவுக்கு ‘கொலாபரேஷன்’ என்று பெயர்.

கொலாபரேஷன் என்றால் என்ன? கூட்டுக் குடும்பம்தான். எல்லோரும் ஒரே இலையில் சாப்பிடுகிற மாதிரி ஒரு தோற்றம் இருக்கும். ஆனால் இன்றைக்கு என்ன குழம்பு என்று மூன்று பேர்தான் முடிவு பண்ணுவார்கள். கட்டுரை வெளியாகும்போது மட்டும் எல்லோர் பெயரும் வரிசையாக வரும். நல்லது நடந்தால் எல்லோருக்கும் பெருமை. அசிங்கப்பட்டாலும் எல்லோருக்கும்தான்.

இந்தக் குடும்பம் வருஷத்துக்கு ஒரு முறை கூடும். முன்பெல்லாம் எல்லோரும் ஃப்ளைட் பிடித்துப் போவார்கள். இப்போது ‘ஹைப்ரிட்’. பாதிப் பேர் ஐரோப்பாவில் ஒரு ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். மீதிப் பேர் அவரவர் ஊரில் இருந்துகொண்டு திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிவார்கள். கேட்க சமத்துவமாக இருக்கிறது, இல்லையா? கல்யாணத்துக்கு நேரில் போனவனும் வீடியோவில் பார்த்தவனும் சமம் என்று சொல்லிப் பாருங்கள். ஒருவன் பாயசம் சாப்பிட்டிருப்பான்.

ஹாலில் இருப்பவர்கள் காபி குடிக்க எழுந்து போவார்கள். உண்மையான மீட்டிங் அங்கேதான் நடக்கும். கட்டத்தில் இருப்பவர்கள் அரை மணி நேரம் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது எல்லாம் முடிவாகியிருக்கும். ரெஜினா போன வருஷம் கை தூக்கும் பட்டனை அழுத்தினாள். திரையில் ஒரு மஞ்சள் கை எழுந்து நின்றது. மீட்டிங் முடிகிற வரைக்கும் அது அப்படியே நின்றது. பஸ் ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ்ஸுக்குக் கை காட்டியதுபோல ஆகிவிட்டது.

அதற்கு முந்தின வருஷமும் இதே கதைதான். ‘நேரமில்லை ரெஜினா, மெயிலில் பேசிக்கொள்ளலாமே’ என்றார் தலைவர். தாடி வைத்த, தன்மையான மனிதர். தன்மையானவர்கள் மறுத்தால் சண்டை போடக்கூட முடிவதில்லை.

இந்த முறை நேரில் போய்விடுவது என்று தீர்மானித்திருந்தாள். விசா நேரத்துக்கு வரவில்லை. சரி, ஆபீஸிலிருந்தே பேசலாம் என்றால், அங்கே ஃபால்ஸ் சீலிங் மாற்றுகிறார்கள். காலையிலிருந்து டிரில்லிங்.

“வீட்ல இருந்துதாங்க பேசணும்” என்றாள்.

“பேசேன். அதுக்கு ஏன் முகத்த இப்படி வச்சிருக்கே?”

“ஏன்னா இந்த வாட்டி பேசியே ஆகணும்.”

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

கொலாபரேஷன் ஒரு பெரிய கட்டுரையைத் தயார் பண்ணியிருக்கிறது. தினமும் மதியத்துக்கு மேல் துகள்களின் எண்ணிக்கை லேசாக ஏறுகிறது, இது ஒரு புதுக் கண்டுபிடிப்பு என்று. ஹாலில் ஏற்கெனவே கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ரெஜினாவுக்கு மட்டும் சந்தேகம். மதியம் அதிகமாவது துகளா, வெயிலா? பெட்டி சூடானால் அது இல்லாததையும் சேர்த்து எண்ணுகிறது. தன் பெட்டியைச் சில நாள் வெயிலிலும் சில நாள் ஏசி அறையிலும் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஏசிக்குள் வைத்தால் அந்த ஏற்றம் காணாமல் போகிறது.

மெயில் போட்டாள். ‘முக்கியமான கேள்வி, மீட்டிங்கில் பேசலாம்’ என்று பதில் வந்தது. இந்த மீட்டிங் முடிந்ததும் கட்டுரை பத்திரிகைக்குப் போய்விடும்.

“தப்புன்னு எனக்குத் தெரியும். கீழ என் பேரு இருக்கும். எப்படிங்க கையெழுத்துப் போடுவேன்?”

“போடலைன்னா?”

“வெளிய வந்துரணும். பேர எடுத்துட்டு, பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டு.”

அந்தப் பெட்டியை அவள் எங்கள் மகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்ட காலத்திலிருந்து கட்டிக்கொண்டு அழுகிறாள். மகள் இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். மீட்டிங் ஏற்பாடுகளை என்னிடம் விட்டுவிடு என்றேன்.

வாசகர்களில் மனைவிமார்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.

முதலில் ரிகர்சல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், நான் ஹாலாக நடித்தேன். அதாவது, சோபாவில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ரெஜினா பேசினாள். கோடு கோடாகப் படம் காட்டினாள். அவர்களும் வெயிலைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள், ஆனால் வெளியே எவ்வளவு சூடு என்று பார்த்தார்களே தவிர பெட்டிக்குள்ளே எவ்வளவு சூடு என்று யாரும் பார்க்கவில்லை... இதை அவள் எட்டு ஸ்லைடில் சொன்னாள். எனக்குக் கண்ணைச் சுழற்றியது.

“புரியலையா?”

“புரியுது புரியுது... கொஞ்சம் எளிமையா...”

“பாண்டி பஜார்ல வெயில்ல காரை நிறுத்திட்டுப் போறோம். திரும்பி வந்து கதவத் தொறந்தா எப்படி இருக்கும்?”

“ஐயோ! ஸ்டியரிங்க தொட முடியாது.”

“வெளிய அவ்ளோ சூடா இருந்துச்சா?”

அப்பாடா. எட்டு ஸ்லைடும் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. “இதையே சொல்லேன்!” என்று குதித்தேன்.

“சயின்டிஃபிக் மீட்டிங்ல பாண்டி பஜாரா? சும்மா இருங்க.”

சும்மா இருந்தேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். குளிர் நாட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டவர்கள் என்றைக்காவது வெயிலில் நின்ற கார் சீட்டில் உட்கார்ந்து துள்ளியிருப்பார்களா? சென்னைக்காரிக்குத்தான் வெயில்மேல் முதல் சந்தேகம் வரும்.

ரிகர்சலை ரெக்கார்டு பண்ணியிருந்தோம். போட்டுக் கேட்டால்... ரெஜினாவைக் காணோம்! பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி கேட்டது. குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. குக்கர் விசில் கேட்டது. வெங்காய வண்டி ஸ்டூடியோவில் பதிவு செய்ததுபோலக் கேட்டது. நடுநடுவே ‘கர்ர்ர்’ என்று ஒரு கொடூரமான சத்தம். அது நான் நாற்காலியை இழுத்தது.

“என் குரலவிட வெங்காய விலை தெளிவா இருக்கு” என்றாள் ரெஜினா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

ஆக, தேவை ஒன்றுதான். நிசப்தம். அபிராமபுரத்தில் மதியம் நிசப்தம் வேண்டுமா? தேர்தல் கமிஷனாலேயே முடியாத காரியம் அது. நான் களத்தில் இறங்கினேன்.

வியாழன் காலையில் ஏழுமலையிடம் போனேன். எங்கள் தெருமுனையைக் கடக்காமல் ஒரு வண்டியும் உள்ளே வர முடியாது. முனையில் ஏழுமலையைக் கடக்காமல் தெருமுனையைக் கடக்க முடியாது.

“ஏழுமலை, இன்னிக்கு மத்தியானம் நம்ம வீட்டுப் பக்கம் ஒரு சத்தம் வரக்கூடாது.”

“இன்னா சார் மேட்டரு? வூட்ல எதுனா விசேசமா?”

“அதெல்லாம் அப்புறம். சத்தம் மட்டும் ஆகவே ஆகாது.”

“அத்த வுடு சார், நான் பாத்துக்கறேன். ஒரு வண்டி உள்ள வராது.”

வேலையைச் சொல்லும்போது காரணத்தைச் சொல்லக் கூடாது, சொன்னால் ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்பது என் நிர்வாகக் கொள்கை. அன்றைய அசம்பாவிதங்களுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. எங்களைப் போன்ற கத்தோலிக்கர்களும் பிள்ளையார் சுழிதான் போடுவோம், மயிலாப்பூர் பக்கத்தில் வேறு வழியில்லை.

அடுத்தது நாற்காலிகள். ஹாலில் ஒரு நாற்காலி இருந்தாலும் நான் இழுப்பேன் என்று ரெஜினா சொல்லிவிட்டாள். எனவே சாப்பாட்டு மேஜை நாற்காலிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாவற்றையும் தூக்கி வெளியே போட்டேன். போர்ட்டிகோவில் ஸ்கூட்டர் நின்றதால், கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டு சுவரை ஒட்டி வரிசையாகப் போட்டேன். எனக்கு எதையும் ஒழுங்காகச் செய்துதான் பழக்கம்.

ஹாலில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒரு சின்ன மின்சார மெழுகுவர்த்தி இருக்கிறது. அது காமிராவில் பார்த்தால் சிமிட்டிக்கொண்டே இருந்தது. படத்தை மறைக்க ஒரு வெள்ளை பெட்ஷீட்டைக் கட்டினேன். டிவியில் வெளிச்சம் அடித்தது. அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு போட்டேன். லேப்டாப்பை உயரமாக வைக்க, என் கட்டுரைத் தொகுப்பின் விற்காத பிரதிகளை அடுக்கினேன். முதல்முறையாக அந்தப் புத்தகம் ஒருவருக்குக் கைகொடுத்தது.

கடைசியாக, கரண்ட். பேச்சின் நடுவே கரண்ட் போய்விட்டால்? மந்தைவெளியில் வாடகைச் சாமான் கொடுக்கும் ஒரு கடைக்கு போன் போட்டு ஜெனரேட்டர் கேட்டேன். ஒரு குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது.

“இது ஓடினா என் குரல் எப்படிங்க கேக்கும்?” என்றாள் ரெஜினா.

நல்ல கேள்விதான். நான் யோசிக்கவில்லை. இருக்கட்டும், ஒரு தைரியத்துக்கு வாசலில் நிற்கட்டும் என்றேன். வண்டியும் நின்றது. அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் கடைக்காரர் என்னென்ன வாடகைக்குக் கிடைக்கும் என்று எழுதி வைத்திருந்தார். ஷாமியானா, நாற்காலி, ஜெனரேட்டர், ஃப்ரீசர் பாக்ஸ். நான் ஜெனரேட்டரை மட்டும் படித்தேன். தெரு கடைசி வார்த்தையைப் படித்தது.

இப்போது நீங்களே எங்கள் தெருவில் நடந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டு வாசலில் வரிசையாக நாற்காலி. வாழைமரம் இல்லை, மைக் செட் இல்லை. ஃப்ரீசர் பாக்ஸ் வண்டி நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே வெள்ளைத் துணி தெரிகிறது. முனையில் ஏழுமலை வெங்காய வண்டிக்காரரை நிறுத்தி, “சத்தம் போடாத நைனா, சார் வூட்ல...” என்று இழுத்துவிட்டு, மேலே சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்துகொள்கிறார். என்ன நினைப்பீர்கள்?

சரி, யார் என்று பார்ப்பீர்கள். ரெஜினா ஜன்னல் வழியாகத் தெரிகிறாள். மிச்சம் இருப்பது யார்?

நான் அப்போது படுக்கையறையில் இருந்தேன். ரவுட்டர் அங்கேதான் இருக்கிறது. அதன் விளக்கு பச்சையிலிருந்து சிவப்பானால் ரெஜினாவுக்குச் சைகை காட்ட வேண்டும். பொறுப்பான பணி. குக்கர் வைக்கக்கூடாது என்பதால் காலையில் வடித்த சாதத்தில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டிருந்தேன். வெயில் வேறு. கட்டிலில் சாய்ந்தபடி அந்தப் பச்சை விளக்கையே உற்றுப் பார்த்தேன். தியானம் பண்ணுகிறவர்கள் இப்படித்தான் பார்க்கச் சொல்வார்கள். நன்றாக வேலை செய்கிறது. தூங்கிவிட்டேன்.

நான் விழிக்கிற வரைக்கும் நடந்தது பிறர் சொல்லக் கேட்டது.

அங்கே ஹாலில் காபி இடைவேளை. எழுந்து போகுமுன் தாடிக்காரத் தலைவர் சொல்லியிருக்கிறார்: ‘நேரம் நெருக்குகிறது. ரெஜினாவின் பேச்சை மெயிலுக்கு மாற்ற முடியுமா என்று வந்து பார்ப்போம்.’ சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரெஜினா முன்னால் காலி நாற்காலிகள். மூன்றாவது வருஷம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சரியாக அந்த நேரத்தில் ஃபிலோமினா ஆன்ட்டி உள்ளே நுழைந்தார்.

ஃபிலோமினா ஆன்ட்டி எங்கள் அன்பியத்தின் தலைவி. எங்கள் சர்ச் பங்கில் தெருவாரியாகச் சேர்ந்து ஜெபம் சொல்கிற குழுவுக்கு அன்பியம் என்று பெயர். எங்கள் தெரு அன்பியத்தில் பெரும்பாலும் ஓய்வு பெற்ற டீச்சர்கள். ஆன்ட்டி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. பின்னால் பத்துப் பன்னிரண்டு டீச்சர்கள், கையில் ஜெபமாலையோடு, சத்தம் போடாமல் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். காதர் பாய் ஒரு பெரிய ஃப்ளாஸ்க் டீயும் பன்னும் வாங்கி வந்திருந்தார். துக்க வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள் அல்லவா? ஏழுமலை கதவோரம் கைகட்டி நின்றார்.

ஆன்ட்டி ரெஜினாவின் தோளைத் தொட்டார். “எப்பம்மா ஆச்சு?”

“இப்பதான் ஆன்ட்டி” என்றாள் ரெஜினா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“காலைல கூடப் பூசைல பாத்தேனே...” என்று ஆன்ட்டி திரும்ப, திறந்திருந்த படுக்கையறைக் கதவு வழியாக இரண்டு கால்கள் தெரிந்தன. நேராக நீட்டி, அசையாமல்.

“ஐயோ ஜோசப்பு!”

அந்தக் குரலுக்கு ஆயிரம் பிள்ளைகள் அசெம்பிளியில் நேராக நின்றிருக்கிறார்கள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“ஐயையோ, சார் எந்திரிச்சிக்கினாரு!” என்று ஏழுமலை கத்தினார். சத்தம் கூடாது என்று தெருவையே அடக்கி வைத்திருந்த மனிதர்!

அடுத்த அரை நிமிஷத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ரெஜினா எல்லோரையும் பார்த்தாள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்கும் ஒன்று புரிந்தது. தெருவார் நினைத்தது கொஞ்சம் முன்கூட்டி நினைத்ததாகத்தான் இருக்கும், ராத்திரிக்குள் அது நிஜமாகிவிடும்.

“மீட்டிங்கா?” என்றார் ஆன்ட்டி. “மீட்டிங்குக்கு எதுக்குப்பா ஃப்ரீசர் பாக்ஸு?”

நான் வாயைத் திறப்பதற்குள் லேப்டாப்பிலிருந்து குரல் வந்தது. ஐரோப்பா ஹாலில் எல்லோரும் திரும்ப வந்துவிட்டார்கள். காபிக் கோப்பையும் கையுமாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். ‘ரெஜினா, இருக்கிறீர்களா? நாங்கள் என்ன நினைக்கிறோம் என்றால்...’ என்று தாடிக்காரர் ஆரம்பித்தார்.

டீச்சர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். எழுந்தால் புடவை சரசரக்கும், வளையல் ஒலிக்கும், ஒரு முட்டியாவது சத்தம் போடும்.

“யாரும் எந்திரிக்காதீங்க. ப்ளீஸ் ஆன்ட்டி, அப்படியே உக்காருங்க” என்று கிசுகிசுத்துவிட்டு, ரெஜினா காமிராவைப் போட்டாள்.

ஹாலில் பெரிய திரை. அதில் ரெஜினா தெரிந்தாள். அவளுக்குப் பின்னால், வெள்ளைத் துணிக்கு முன்னால், வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள். துக்கத்துக்கு வந்த முகங்கள்... மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் கிடைக்கவில்லை. ஒருவர் முகத்திலும் ஒரு துளி சிரிப்பில்லை.

தாடிக்காரர் நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார். “ரெஜினா... இவர்களெல்லாம் உங்கள் குரூப்பா?”

விஷயம் என்னவென்றால், ரெஜினாவுக்குக் குரூப் கிடையாது. ஒரு மாணவி இருந்தாள், வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டாள். மற்ற குரூப்புகளில் பத்து இருபது பேர் இருப்பார்கள். கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவன் தலையாட்டுவான். இவளுக்குப் பக்கத்தில் எப்போதும் சுவர்தான்.

ரெஜினா ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “ஆமாம்” என்றாள்.

“மிகப் பெரிய குரூப்பாக இருக்கிறதே! பேசுங்கள், பேசுங்கள். வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.”

கேட்டீர்களா? மூன்று வருஷமாக இல்லாத நேரம், பன்னிரண்டு டீச்சர்களைப் பார்த்ததும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

நாம் எதற்குத் தனியாகப் போகிறோம், சொல்லுங்கள்? தி.நகரில் ஒரு பட்டுப்புடவை எடுக்க ஏழு பேர் போகிறோம். பல் பிடுங்க ஒருவர் போனால் வெளியே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் ஒருத்தி இத்தனை வருஷம் உழைத்ததைப் பற்றிப் பேசப் போகும்போது மட்டும் கதவைச் சாத்திவிட்டு, ‘ஆல் தி பெஸ்ட்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். நானும்தான்.

ரெஜினா பேசினாள். நான் காமிராவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். சத்தம் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம், எல்லோருக்கும் வேர்வை வழிந்தது. ஒருவரும் அசையவில்லை. பரீட்சை ஹாலில் சூப்பர்வைஸ் பண்ணிப் பழகிய கண்கள் எல்லாம் திரையையே பார்த்தன. ஒரு இளம் விஞ்ஞானி மேஜைக்கு அடியில் போனை எடுத்தான். எடுத்தவன் எதேச்சையாக நிமிர்ந்து திரையைப் பார்த்தான். போன் பைக்குள் போய்விட்டது. லேப்டாப் மூடிகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஏன் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். நானும் அந்த டீச்சர்களிடம் படித்தவன்.

நாலாவது ஸ்லைடில் ரெஜினா தடுமாறினாள். ஹாலில் முகங்கள் வெறுமையாக இருந்தன. அவள் ஒரு நொடி நின்றாள். பிறகு ஆங்கிலத்தில், “எங்கள் ஊரில் பாண்டி பஜார் என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. மதியம் அங்கே காரை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வந்து ஸ்டியரிங்கைத் தொட முடியாது” என்றாள்.

பின்னால் பன்னிரண்டு தலைகளும் ஒரே சமயத்தில் ஆடின. வாசல் பக்கம் காதர் பாய் தலையும்தான். அவர் கடையே அங்கேதானே இருக்கிறது! துகள் புரியவில்லை, கோடு புரியவில்லை, இது புரியாமல் போகுமா? அத்தனை அனுபவம், அத்தனை உறுதியோடு அந்தத் தலைகள் ஆடின. இவ்வளவு கருத்தொற்றுமை உள்ள ஆராய்ச்சிக் குழுவை அந்த ஹால் அதற்கு முன் பார்த்திருக்காது.

ஹாலில் சிரிப்பலை. அப்புறம் அமைதி. புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அந்த அமைதியை நான் மறக்க மாட்டேன்.

ஒருவர் மட்டும் எழுந்தார். கட்டுரை தயாராகிவிட்டதே, இப்போது போய் எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்ப்பதென்றால் மாதக்கணக்கில் ஆகுமே, அடுத்த கட்டுரையில் பார்த்துக்கொண்டால் என்ன என்று இழுத்தார்.

ஃபிலோமினா ஆன்ட்டி தொண்டையைக் கனைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. கனைப்பு மட்டும்தான்.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

ரெஜினா நிதானமாகச் சொன்னாள்: “மாதக்கணக்கில் ஆகட்டும். தப்பு என்று தெரிந்த ஒன்றின் கீழ் என் பெயரைப் போட என்னால் முடியாது. நீங்கள் அனுப்புவதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.” ஒவ்வொரு வார்த்தையும் வெங்காய வண்டியைவிடத் தெளிவாகக் கேட்டது.

தாடிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து பேசினார். இந்தத் தடவை காபிக்குப் போகவில்லை, எல்லோர் முன்னிலையிலும் பேசினார். பிறகு நிமிர்ந்து, கட்டுரை இப்போதைக்கு நிற்கட்டும், எல்லாக் குழுக்களும் பெட்டிக்குள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கட்டும், அந்த வேலையை ரெஜினாவின் குரூப் முன்னின்று நடத்தட்டும் என்றார். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

ஹாலில் யாரும் கை தூக்கவில்லை. எப்படித் தூக்குவார்கள்?

காமிராவை அணைத்தாள். லேப்டாப்பை மூடினாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

“ஏம்மா, நல்லபடியாத்தானே முடிஞ்சுது?” என்றார் ஆன்ட்டி.

“கேட்டாங்க ஆன்ட்டி... நான் சொன்னத உக்காந்து கேட்டாங்க.”

டீச்சர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் முதுகைத் தடவினார். ஒருவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அழுதுரும்மா, மனசுல வச்சுக்காத” என்றார் இன்னொருவர். ஆறுதல் சொல்வதற்கென்றே தயாராக வந்தவர்கள், குறையே வைக்கவில்லை. காதர் பாய் டீயை ஊற்றினார். ஏழுமலை நாற்காலிகளை உள்ளே தூக்கி வந்து போட்டார். எல்லோரும் பன் சாப்பிட்டோம். “நல்லாருக்குது சார், உன் சாவு” என்று ஏழுமலை இரண்டாவது பன்னை எடுத்தார்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, வெள்ளைத் துணியை அவிழ்த்துக்கொண்டே ரெஜினாவைச் சீண்டினேன்.

“தப்பான பேப்பருக்குக் கீழ பேரு போட மாட்டேன்னு அவ்ளோ பேசுனியே. அந்தத் தாடிக்காரரு ‘இவங்க உங்க குரூப்பா’ன்னு கேட்டப்ப மட்டும் கூசாம ஆமான்னு சொன்னே? அது பொய் இல்லையா?”

அவள் துணியின் மறுமுனையைப் பிடித்து மடித்தாள். நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள்.

“அதுல என்னங்க பொய்?”